ஒரே தடவை கேட்ட கேள்வி

லைல் ஹாஃப்டாலுக்கு ஜூன் மாதம் இரண்டு முழங்கால்களையும் மாற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு காலை மடக்கி நீட்டிப் பழக்க ஆள் வேண்டும் என்று அவர் மனைவி மார்லிஸ் என்னைக் கூப்பிட்டாள். முதியோர் இல்லத்தில் உதவியாளாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஊரில் பாதிப் பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். மீதிப் பேரின் அப்பா அம்மாவைக் குளிப்பாட்டியிருக்கிறேன். லைலைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில்தான் அவர்கள் மகன் கார்ஸ்டனின் விஷயம் என் கண் முன்னால் நடந்தது.

கார்ஸ்டன் ஒரே பிள்ளை. மார்லிஸுக்கு நாற்பது நெருங்கும்போது பிறந்தான். எங்கள் மினசோட்டாவில் வயல்காட்டுப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஆள் கிடையாது, அப்பாதான். தானியக் களஞ்சியத்துக்கு முன்னால் நின்று லைல் பந்தை வானத்தில் அடிப்பார். பையன் சோயா வயலுக்குள் ஓடிப் பிடிக்க வேண்டும். ஒரு செடி முறியக் கூடாது என்பது லைலின் நிபந்தனை. அதனால் பயிர் வரிசைக்கு நடுவில் இருக்கும் சந்திலேயே, கீழே பார்க்காமல், தோளுக்கு மேலே பந்தைப் பார்த்துக்கொண்டு நேராக ஓடக் கற்றுக்கொண்டான். பின்னால் கல்லூரியில் அவன் ஓட்டத்தைப் பார்த்தவர்கள் கோடு போட்ட மாதிரி ஓடுகிறானே என்றார்கள். கோடு இருந்தது. லைல் விதைத்த கோடு.

மைதானத்தின் வெளிப்பகுதியில் மூன்று பேர் நிற்பார்கள். நடுவில் நிற்பவன், சென்டர் ஃபீல்டர், இவன். உயரே வரும் பந்து யாருக்கு என்று அவன்தான் முடிவு செய்து சத்தம் போட வேண்டும். அதுதான் இவனுக்கு வரவில்லை. உள்ளூர்ப் பள்ளியில் ஆடும்போது பக்கத்து ஊரோடு ஒரு முக்கியமான ஆட்டம். இவனுக்கும் இடது பக்கம் நின்ற பையனுக்கும் நடுவில் ஒரு பந்து வந்தது. அவன் பிடிக்கட்டும் என்று இவன் நின்றான், இவன் பிடிக்கட்டும் என்று அவன் நின்றான். பந்து இருவருக்கும் நடுவே புல்லில் விழுந்தது, ஆட்டம் போயிற்று. பக்கத்து ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அவனைத் திட்டவில்லை, நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

கல்லூரியில் அந்தப் பழக்கத்தை மாற்றினார்கள். இடது பக்கத்தில் அவனோடு நான்கு வருடம் நின்றவன் கேன்சஸ் சிட்டிப் பையன் ஒமாரி. இரண்டு தடவை இவன் மேல் மோதி விழுந்த பிறகு, "கத்துடா, இல்லன்னா கொன்னுடுவேன்" என்று சொல்லியே கத்த வைத்தான். அதன் பிறகு மைதானத்தில் கார்ஸ்டன் போடும் சத்தம் வெளியே கார் நிறுத்துமிடம் வரை கேட்கும். ஆனால் அது மைதானத்தில். சமையலறை மேஜையில் இவன் பழைய கார்ஸ்டன்தான்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இங்கே யாரும் முதல் தடவை கேட்டதும் சரி என்று சொல்வதில்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம், தொந்தரவு எதற்கு என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், ஏற்கனவே போட்டிருந்தால் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை, அரைக் கப் போதும். பிறகு மூன்று கப் குடிக்கலாம். கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். வலியும் அப்படித்தான். மருத்துவமனையில் ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று சொல்லச் சொல்வார்கள். லைல் எப்போதும் "மோசமில்ல" என்பார். நான் வாயைப் பார்ப்பதில்லை, போர்வையைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பேன்.

ஏப்ரலில் ஒரு தொழில்முறை அணிக்காக ஆள் பார்த்துச் சொல்பவர் இவர்கள் வீட்டுக்கு வந்தார். ரெய்னால்டோ என்று பெயர், மியாமிக்காரர். கல்லூரி ஆட்டங்களுக்குப் பல தடவை வந்து கார்ஸ்டன் ஓடுவதையும் எறிவதையும் பார்த்தவர். அவர் வந்ததை மார்லிஸ் எனக்கு அதன் பிறகு பல தடவை சொல்லியிருக்கிறாள். அவள் ருபார்ப் தண்டு போட்ட கேக் வேண்டுமா என்று கேட்டாளாம். அவர் உடனே, "குடுங்க, நல்லா வாசனை வருது" என்று தட்டை நீட்டினாராம். மார்லிஸுக்குக் கையில் கத்தியோடு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படி ஒருவரை அவள் பார்த்ததே இல்லை. இரண்டாவது துண்டையும் அவராகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

சாப்பிட்டு முடித்து அவர் கார்ஸ்டனைக் கேட்டார், ஜூலையில் எங்கள் அணி உன் பெயரைச் சொன்னால் வருவாயா என்று. கார்ஸ்டன், என்னைவிட நன்றாக ஆடுபவர்கள் இருப்பார்கள், யாருக்கும் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்றான். லைல், இங்கேயும் வேலை இருக்கிறது, எப்படியானாலும் சரி என்றார். ரெய்னால்டோ இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கேக்குக்கு நன்றி சொல்லிக் கிளம்பினார்.

அவர் மறுபடி கேட்பார் என்று இவர்கள் காத்திருந்தார்கள். மே போயிற்று, ஜூன் போயிற்று. அவர் கேட்கவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கார்ஸ்டன் நினைத்துக்கொண்டான். ஊர்க் கூட்டுறவு தானியக் கிடங்கில் ஆகஸ்டிலிருந்து ஒரு வேலை அவனுக்காக வைத்திருந்தார்கள். கல்லூரி முடிந்துவிட்டது. இந்த ஜூலையில் யாரும் எடுக்கவில்லை என்றால் பேஸ்பாலும் முடிந்தது.

ஜூலையில் இரண்டு நாட்கள் முப்பது தொழில்முறை அணிகளும் முறை வைத்துத் தங்களுக்கு வேண்டிய புது ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லும். அதை டிராஃப்ட் என்பார்கள். முதல் நாள் பெரிய பெயர்களுக்கு. அன்று யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் நான் போனபோது மார்லிஸ் ரொட்டிப் பெட்டி மேல் கணினியைத் திறந்து வைத்திருந்தாள். விருந்துக்கு ஏற்பாடு எதுவும் இல்லை. நடக்காத விஷயத்துக்கு விருந்து வைப்பது இங்கே பெரிய அவமானம், நடந்த விஷயத்துக்கு வைப்பதும் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் பக்கத்து வயல் வெர்லின் ஏணி கேட்டு வந்தார், அவரிடம் இரண்டு ஏணி இருக்கிறது. இன்னொரு பக்கத்து வீட்டுக்காரி ஆர்டிஸ் போன வருடம் வாங்கிய கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், கூடவே ஒரு பெரிய பாத்திரத்தில் சூடான ஹாட்டிஷ், இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் வேகவைத்தது. இருவரும் உட்காரவில்லை, கிளம்பவும் இல்லை.

கணினியில் ஒரு குரல் பெயர்களை வாசித்துக்கொண்டே போயிற்று. அணி, பெயர், ஊர், கல்லூரி. ஒருவர் முடிவதற்குள் அடுத்தவர். கார்ஸ்டன் உள்ளே வருவான், இரண்டு பெயர் கேட்பான், வெளியே போய் சாலையோரப் புல்லை வெட்டுவான். மறுபடி வருவான். அந்தப் புல் அதற்குள் தரையோடு போயிருந்தது. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மழை வருமா என்று பேசினோம். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை.

ரெய்னால்டோவின் அணி பன்னிரண்டாம் சுற்றில் ஒமாரியின் பெயரைச் சொன்னது.

கார்ஸ்டன் அப்போது உள்ளே இருந்தான். கைதட்டினான். சந்தோஷம் உண்மையானதுதான், அதில் பொய் இருந்தால் எனக்குத் தெரியும். ஆனால் தட்டி முடித்த பிறகு கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். மார்லிஸ் சிங்க்கைத் துடைத்தாள். அது ஏற்கனவே துடைத்த சிங்க்.

அரை மணியில் ஒமாரியே போன் செய்தான். கார்ஸ்டன் கையில் எந்திர எண்ணெய், அதனால் மேஜை மேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டான்.

"டேய், உனக்கு என்னடா ஆச்சு? மூட்டை தூக்கறதுக்கா நாலு வருஷம் என் பக்கத்துல நின்ன?"

"வாழ்த்துகள்டா ஒமாரி. ரொம்ப சந்தோஷம். அங்க வெயில் எப்படி?"

"வெயில விடு. ரெய்னால்டோ இப்பதான் பேசினார். ரெண்டு பேரையும் எடுக்கலாம்னு நெனச்சேன், உன் சென்டர் ஃபீல்டர்தான் வரலைன்னுட்டானேங்கறார். வரலைன்னு சொன்னியா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"பின்ன என்ன சொன்ன?"

"என்னவிட நல்லா ஆடறவங்க இருப்பாங்க, யாருக்கும் தொந்தரவு வேணாம்னு சொன்னேன்."



"அதுக்கு உங்க ஊர்ல என்ன அர்த்தம்?"

கார்ஸ்டன் எங்கள் முகங்களைப் பார்த்தான். எங்களில் யாருக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

"சரின்னு அர்த்தம்," என்றான்.

"மத்த ஊர்ல எல்லாம் வேணாம்னு அர்த்தம்டா, மடையா. அந்தாளு மேலிடத்துல போய், பையன் வீட்ட விட்டு வரமாட்டான்னு சொல்லிட்டார். எத்தன அணிக்குத் தெரியுமோ." பிறகு குரலை மாற்றினான். "இங்க பாரு. பந்து மேல இருக்கு. யாரோட பந்து?"

கார்ஸ்டன் விரலில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான்.

"யாரோட பந்துடா?"

"என்னோடது."

"அப்போ கத்தித் தொலை. நீ விட்டுட்டன்னு நெனச்சு எல்லாரும் நிக்கறாங்க." போனை வைத்துவிட்டான்.

சமையலறையில் கணினிக் குரல் மட்டும் பெயர் வாசித்தது. எடுக்காமல் விட்டவர்களையும் சில அணிகள் பிறகு கூப்பிட்டுப் பேசுவது உண்டு. வர விருப்பமில்லாதவன் என்று பேரெடுத்தவனை யார் கூப்பிடுவார்கள்?

முதலில் பேசியது மார்லிஸ். "அந்த மனுஷன் கேக்கை முதல் தடவையே வாங்கிக்கிட்டார். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். வேணும்னா வேணும்னு சொல்றவருக்கு, வேணாம்னா வேணாம்தானே."

லைல் நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் இவன் வயல்ல நிக்கணும்னு சொல்லல. அவர் மனசு சங்கடப்படக் கூடாதேன்னு சொன்னேன். எடுக்கலைன்னாலும் பரவால்லன்னு அவருக்கு இருக்கட்டும்னு."

"நீங்க நான் இருக்கணும்னு நெனைக்கறீங்களோன்னு எனக்கும் கொஞ்சம் இருந்துச்சுப்பா," என்றான் கார்ஸ்டன்.

"எதுக்கு? அறுவடைக்கு வெர்லினோட பசங்க இருக்காங்க. நீ டிராக்டர் ஓட்டினா வரிசை கோணலாத்தான் வரும்."

வெர்லின் ஏணியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

இனி செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் கார்ஸ்டன் கை துடைக்கும் துணியை மடித்துக்கொண்டே, ரெய்னால்டோவுக்கு இன்றைக்கு வேலை அதிகமாக இருக்கும், நடுவில் போய்த் தொந்தரவு செய்வது நன்றாக இருக்காது, நாளைக்குப் பேசலாம் என்றான். இப்படி ஒரு பேச்சை நோயாளி பேசினால் நான் கையிலேயே மாத்திரையைத் திணித்துவிடுவேன். ஆனால் இது என் பிள்ளை இல்லை.

"கார்ஸ்டன் லைல் ஹாஃப்டால்," என்றாள் மார்லிஸ். முழுப் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "போன எடு."

எடுத்தான். எல்லோருக்கும் கேட்கும்படியே வைத்தான். மறுபக்கம் ரெய்னால்டோ உடனே எடுத்தார். பின்னால் யார் யாரோ பேசும் சத்தம்.

"சார், கார்ஸ்டன் பேசறேன். உங்க பக்கம் மழை..."

"தம்பி, எனக்கு ஒரு நிமிஷம்தான் இருக்கு."

கார்ஸ்டன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கழுத்து சிவந்து, காது சிவந்தது.

"எனக்கு ஆடணும் சார். உங்க அணிக்கு வரணும். சின்ன வயசுலேர்ந்து எனக்கு இது ஒண்ணுதான் வேணும். என்னை எடுங்க."

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அந்தச் சமையலறையில் யாரோ துணியில்லாமல் நுழைந்த மாதிரி இருந்தது. வெர்லின் கூரையைப் பார்த்தார். ஆர்டிஸ் மூடிய பாத்திரத்தைத் திறந்து மறுபடி மூடினாள். லைல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஏன் ஏப்ரல்ல சொல்லல?" என்றார் ரெய்னால்டோ.

"நீங்க ஒரு தடவதானே கேட்டீங்க."

"எத்தன தடவ கேக்கணும்?"

"மூணு."

அந்தப் பக்கத்திலிருந்து ஸ்பானிஷில் ஏதோ வந்தது. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பிறகு அவர், தங்களுக்கு இன்னும் சில முறைகள்தான் பாக்கி என்றும், மேலே இருப்பவர்களிடம் பேசிப் பார்ப்பதாகவும், வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

"பரவால்ல சார், உங்களுக்குக் கஷ்டம்னா..."

மார்லிஸ் அவன் கணுக்காலில் உதைத்தாள்.

"பேசுங்க சார்," என்றான் கார்ஸ்டன். "தயவுசெஞ்சு பேசுங்க."

அதன் பிறகு காத்திருந்தோம். ஹாட்டிஷ் ஆறிப்போயிற்று. யாரும் தொடவில்லை. நான் லைலைப் படுக்கையில் படுக்க வைத்துக் குதிகாலை இழுத்து மடக்கச் சொன்னேன். வலி எவ்வளவு என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"எட்டு," என்றார்.

அவர் வாயிலிருந்து ஓர் எண் வந்தது அதுதான் முதல் தடவை. எந்த முழங்கால் என்று கேட்டேன்.

"முழங்கால யார் சொன்னா?"

மடக்குங்கள் என்றேன். மடக்கினார். வேறு என்ன செய்வது? காத்திருக்கும் நேரத்தில் ஏதாவது ஒரு வேலை நடந்தால் நல்லது.

ரெய்னால்டோவின் அணி பதினாறாம் சுற்றில் கலிஃபோர்னியாப் பையன் ஒருவனை எடுத்தது. பதினேழில் பந்து எறிபவன் ஒருவனை. வெர்லின் வெளியே போய் லாரியில் உட்கார்ந்துகொண்டார், அவரால் தாங்க முடியவில்லை. கார்ஸ்டன் இந்தத் தடவை புல் வெட்டப் போகவில்லை. மேஜையின் எதிரே, இரண்டு கையையும் போனின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டுவிட்டோம், இனி இல்லை என்றாலும் கேட்டதற்கு இல்லை என்று வரட்டும் என்பது போல இருந்தது அவன் முகம். மாதக் கணக்கில் அவனிடம் இருந்த பூசிய புன்னகை போயிருந்தது. பயம் பயமாகவே தெரிந்தது. எனக்கு அதுவே தேவலை என்று பட்டது.

போன் அடித்தது. அவன் அதை முழுதாக அடிக்க விடவில்லை.

"அடுத்த சுற்று," என்றார் ரெய்னால்டோ. "சொன்னா வந்துடுவியா? இன்னும் ரெண்டு தடவ கேக்க எனக்கு நேரம் இல்ல."

"வந்துடுவேன் சார்."

வைத்துவிட்டார். கணினியில் குரல் அணி அணியாகப் போயிற்று. மார்லிஸ் அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். லைல் படுக்கையறையிலிருந்து நடைச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு கதவு வரை வந்துவிட்டார். நான் சொல்லாமல் அவர் அப்படி எழுந்து வரக் கூடாது. திட்டுவதைத் தள்ளிவைத்து, பின்னால் போய் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

பெயரைத் தப்பாக உச்சரித்தார்கள். ஹாஃப்டால் என்பதை என்னவோ போலச் சொன்னார்கள். சென்டர் ஃபீல்டர், மினசோட்டா என்றார்கள். பிறகு அடுத்த அணியின் பெயர்.

யாரும் கத்தவில்லை. மார்லிஸ் மூச்சை விட்டாள். அவ்வளவு நேரம் அதை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை, அவ்வளவு நீளமாக வந்தது. கார்ஸ்டன் எழுந்து அப்பாவிடம் போனான். லைல் நடைச் சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்து அவன் பின்கழுத்தைப் பிடித்தார். கீழே விழுந்தால் இரண்டு பேரையும் நான்தான் தூக்க வேண்டும் என்று சொன்னேன். ஆர்டிஸ் தட்டுகளை எடுத்தாள். வெளியே லாரியின் ஹாரன் நீளமாக ஒலித்தது. வெர்லின் அங்கேயும் தன் போனில் கேட்டிருக்கிறார். ஹாரனில் சாய்ந்துவிட்டேன், வேண்டுமென்று அடிக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

எல்லோரும் சாப்பிட்டோம். மார்லிஸ் மூன்று தட்டு சாப்பிட்டாள். ஆர்டிஸும் வெர்லினும் சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார்கள். கார்ஸ்டன் காலணி கழற்றக் குனிந்தவன் அப்படியே கூடத்துக் கம்பளத்தில் படுத்து, ஒரு கால் காலணியோடு தூங்கிப்போனான். நாடியைப் பார்க்க வேண்டுமென்று தோன்றுகிற மாதிரித் தூக்கம். பல வாரமாக அவன் இரவில் நடமாடுகிறான் என்று மார்லிஸ் சொல்லியிருந்தாள். எழுப்பாதே என்றேன்.

மாலையில் போன் திரும்பத் திரும்ப அடித்தது. அணியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். கார்ஸ்டன் எப்போது ஃபுளோரிடா முகாமுக்கு வர முடியும், குடும்பத்தில் ஏதாவது தடை உண்டா என்று கேட்டாள். லைல்தான் எடுத்தார், தூங்குகிறவனைத் தாண்டி யாரும் நடக்க வேண்டாம் என்று போனைத் தன் மடியிலேயே வைத்திருந்தார்.

"தடை ஒண்ணும் இல்லம்மா," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவன் வர ஆசப்படறான். ரொம்ப ஆசப்படறான். எனக்கும் அவன் அம்மாவுக்கும் ரொம்ப சந்தோஷம். இத நல்லா கேட்டுக்கங்க. வேணும்னா இன்னொரு தடவ சொல்றேன்."

அந்தப் பெண் வேண்டாம், கேட்டது என்றாள். லைல் இன்னொரு தடவையும் சொன்னார்.